மகளிர் கால்பந்து: போட்டியும் ஆடுகளமும்

2022-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் முதல் பிப்ரவரி 6-ஆம் நாள் வரை ஆசிய மகளிர் கால்பந்துக் கோப்பைக்கான போட்டி மகாராஷ்டிர மாநிலத்தில் நடைபெற்றது. நவி மும்பையின் நெரூளிலுள்ள டி.ஒய். பாட்டீல் அரங்கு, மும்பை அந்தேரியிலுள்ள கால்பந்து அரங்கு, புனே நகரின் பாலேவாடியிலுள்ள சிவ் சத்ரபதி விளையாட்டு வளாகம் ஆகிய மூன்று இடங்களில் பந்தயங்கள் நிகழ்ந்தன. அதுவரை எட்டு அணிகளுடன் நடத்தப்பட்டு வந்த இப்போட்டியில் முதன்முறையாகப் பன்னிரண்டு நாடுகள் கலந்துகொண்டன. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்ததற்குப் பின், நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து இப்போட்டி இந்திய மண்ணுக்குத் திரும்பியது. விளையாட்டு நிகழ்ச்சி என்ற அளவில் மட்டுமன்றி, பொதுச் செலவினம் எப்போது வளர்ச்சியாக மாறுகிறது, எப்போது மாறுவதில்லை என்பதை விளக்கும் எடுத்துக்காட்டாகவும் இது ஆராயத்தக்கது.

முதலில் இடத்தைக் கவனிக்க வேண்டும். மும்பையில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் அடங்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடிச் சென்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தாராவியில் குடியேறினர். அலுவலகப் பணிகளுக்குச் சென்ற குடும்பங்கள் மாதுங்காவில் நிலைபெற்றன. நகரம் கிழக்கே விரிந்தபோது செம்பூரிலும் தமிழ்க் குடியிருப்புகள் தோன்றின. செம்பூர் நிலையத்தில் துறைமுகப் பாதை ரயிலில் ஏறினால் மான்குர்து கடந்து, கடற்கழியின் மேலுள்ள பாலத்தைத் தாண்டி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நெரூள் வந்துவிடும். மாதுங்காவிலிருந்து புறப்படுவோர் கிங்ஸ் சர்க்கிளில் ஏறி வடாலாவில் மாற வேண்டும். தாராவிப் பெண் ஒருத்தி சயானில் ஏறிக் குர்லாவில் வண்டி மாறினால் போதும். ஆசியாவின் மிகச் சிறந்த மகளிர் அணிகள் ஆடிய களம் இம்மூன்று பகுதிகளுக்கும் அத்துணை அண்மையில் இருந்தது.

அணியிலும் தமிழர் இருந்தனர். இந்துமதி கதிரேசன், கார்த்திகா அங்கமுத்து, சந்தியா ரங்கநாதன், மாரியம்மாள் பாலமுருகன் ஆகியோர் இந்திய அணிக்குத் தேர்வு பெற்றிருந்தனர். கடலூர்ப் பகுதியிலிருந்து வந்த இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணியும் பெற்றவர். தம் தாய்மொழியைப் பேசும் வீராங்கனைகள் நாட்டுக்காக ஆடுவதை நேரில் காணும் வாய்ப்பு தாராவிச் சிறுமியருக்குக் கிட்டியிருக்க வேண்டும். அது கிட்டவில்லை. மும்பையில் கொரோனா நோயின் மூன்றாம் அலை அந்த ஜனவரியின் முதல் வாரத்தில் ஒரே நாளில் 20,000-க்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் என்ற அளவை எட்டியிருந்தது. ஆகவே பார்வையாளர் இன்றிப் பந்தயங்கள் நடத்தப்பட்டன.

போட்டியில் நடந்தது

தொடக்க நாளன்று இந்தியா, முதன்முறையாக இப்போட்டிக்கு வந்திருந்த ஈரானை டி.ஒய். பாட்டீல் அரங்கில் சந்தித்தது. எவரும் கோல் அடிக்கவில்லை. ஜனவரி 23-ஆம் நாள் சீன தைபே அணியுடன் ஆட வேண்டிய பந்தயம் நடைபெறவே இல்லை. இந்திய வீராங்கனைகள் பலருக்கு நோய்த்தொற்று உறுதியானதால், விதிமுறை கோரிய குறைந்தபட்ச எண்ணிக்கையான 13 ஆட்டக்காரர்களைக் களத்துக்கு அனுப்ப அணியால் இயலவில்லை. போட்டியிலிருந்து விலகியதாகவே இந்தியா கருதப்பட்டது. ஈரானுடன் ஆடிய பந்தயமும் கணக்கில் கொள்ளப்படவில்லை. விருந்து ஏற்பாடு செய்த வீட்டார் பந்தியில் அமர முடியாமற் போன கதையாக, போட்டியை நடத்திய நாட்டின் பெயர் இறுதிப் பட்டியலில் இல்லாமற் போயிற்று.

ஏனைய அணிகளுக்குப் போட்டி தொடர்ந்தது. இந்தோனேசியாவை ஆஸ்திரேலியா 18 கோல்களால் வென்றது. பிலிப்பைன்ஸ் அணி சீன தைபேயைப் பெனால்டி முறையில் வென்று, வரலாற்றில் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. வியட்நாமும் முதன்முறையாகத் தகுதி பெற்றது. பிப்ரவரி 6-ஆம் நாள் நடந்த இறுதிப் பந்தயத்தில் இடைவேளையின்போது தென் கொரியா 2-0 என முன்னணியில் இருந்தது. பின்பாதியில் சீனா மூன்று கோல்களை அடித்து ஒன்பதாம் முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது.

ஆசியக் கூட்டமைப்பு மகளிர் கோப்பைக்குப் பரிசுத்தொகை வழங்கியதும் 2022-இல்தான் முதன்முறை. மொத்தத் தொகை 18 லட்சம் டாலர். மூன்றாண்டுகளுக்கு முன், 2019-இல், ஆடவர் ஆசியக் கோப்பைக்கு ஒதுக்கப்பட்டது 148 லட்சம் டாலர். ஒன்றுக்கு எட்டு என்ற இந்த விகிதத்துக்கு ஆடவர் போட்டியின் பெரிய சந்தையைக் காரணமாகக் காட்டுவர். சந்தை பெரிதாவதற்கும் பல பத்தாண்டுக்கால முதலீடே காரணம் என்பது அவ்விளக்கத்தில் விடுபட்டுப் போகிறது.

முந்தைய அனுபவம்

இந்தியாவில் மகளிர் கால்பந்து புதியதன்று. ஆசிய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு 1968-இல் உருவாயிற்று. அது ஆடவருக்கான கூட்டமைப்பிலிருந்து தனித்து இயங்கிய அமைப்பாகும். அதன் முதற்போட்டி 1975-இல் ஹாங்காங்கில் நடந்தது, நியூசிலாந்து வென்றது. அதே 1975-இல் இந்திய மகளிர் கால்பந்து சம்மேளனம் தோன்றி, முதலாவது தேசியப் போட்டியை லக்னோவில் நடத்தியது. அடுத்த ஐந்தே ஆண்டுகளில் கோழிக்கோடு ஆசியப் போட்டிக்கு இடமளித்தது. இந்தியா இரண்டு அணிகளைக் களமிறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதிப் பந்தயம் வரை சென்று தைவானிடம் 0-2 எனத் தோற்றது. 1983-இல் பாங்காக்கில் மீண்டும் இறுதிப் பந்தயம், மீண்டும் இரண்டாமிடம். அந்த ஆண்டில்தான் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.

அரசின் பெரிய உதவியோ வணிக நிறுவனங்களின் ஆதரவோ இன்றி எட்டப்பட்ட இந்த நிலை ஏன் நீடிக்கவில்லை? ஆசிய அளவில் அன்று போட்டியிட்ட நாடுகள் குறைவு என்பது ஒரு காரணம். சீனாவும் ஜப்பானும் வட கொரியாவும் முழு முனைப்புடன் களத்தில் இறங்கிய பின் போட்டி கடினமாயிற்று. ஆனால் முதன்மையான காரணம் உள்நாட்டிலேயே இருந்தது. மகளிர் சம்மேளனம் பின்னர் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் பொறுப்பில் இணைந்தது. 1991-இல் தொடங்கி மகளிர் தேசியப் போட்டி அச்சம்மேளனத்தின் பெயரில் நடைபெற்றது. ஆனால் ஆண்டு முழுவதும் ஆடத்தக்க லீக் எதுவும் அமையவில்லை. மணிப்பூர் போன்ற மாநிலங்களில் ஊர்தோறும் ஆட்டம் உயிர்ப்புடன் இருந்தமையால்தான் தேசிய அணிக்கு ஆட்டக்காரர்கள் கிடைத்து வந்தனர். பத்ம விருது பெற்ற ஒய்னம் பெம்பெம் தேவி அம்மாநிலத்தவரே. 2003-க்குப் பின் 2022 வரை இந்தியா ஆசியக் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. நெடுங்காலம் சர்வதேசப் பந்தயம் எதிலும் ஆடாததால், 2009-இல் இந்திய மகளிர் அணியின் பெயர் உலகத் தரவரிசைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது.

பொருளியல் மாணவர்கள் இங்கு இருப்புக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை நினைவுகூரலாம். அரங்கு, புல்தரை, விளக்குக் கம்பங்கள் ஆகியவை ஒரு நாளில் கணக்கிடத்தக்க இருப்பு ஆகும். ஓராண்டில் ஒரு பெண் எத்தனை பந்தயங்கள் ஆடினாள் என்பது ஓட்டம். திறமை இவற்றுள் இரண்டாவதிலிருந்தே உருவாகிறது. பெரிய போட்டியொன்றை நடத்துவது இருப்பைக் கூட்டுமே அன்றி, ஓட்டம் தானாகப் பெருகிவிடாது. 1980-க்குப் பின் இந்தியாவில் நிகழ்ந்தது இதுவே.

அண்டை நாடுகள் தரும் பாடம்

தெற்காசிய மகளிர் போட்டி 2010-இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தொடங்கியது. 2010, 2012, 2014, 2016, 2019 ஆகிய ஐந்து போட்டிகளையும் இந்தியாவே வென்றது. இவ்வெற்றிகள் ஓரளவு மயக்கத்தையும் அளித்தன எனலாம். 2022-இல் காத்மாண்டுவில் நடந்த போட்டியில் வங்கதேசத்திடம் 0-3 எனவும், அரையிறுதியில் நேபாளத்திடம் 0-1 எனவும் இந்தியா தோற்றது. வங்கதேசம் பட்டம் பெற்றது. 2024-இலும் அதுவே பெற்றது.

வங்கதேசம் அரங்குகளைக் கட்டி இந்நிலையை எய்தவில்லை. 2011-இல் அந்நாடு தொடக்கப் பள்ளி மாணவியருக்கென நாடு தழுவிய கால்பந்துப் போட்டியை ஏற்படுத்தியது. மைமன்சிங் மாவட்டத்தின் கல்சிந்தூர் என்னும் எல்லையோரச் சிற்றூர்ப் பள்ளி அப்போட்டியில் புகழ் பெற்றது. அவ்வூரிலிருந்தே பலர் தேசிய அணிக்குச் சென்றனர். பத்து வயதுச் சிறுமி பள்ளி நேரத்துக்குள், பள்ளியின் பொறுப்பில், ஆசிரியரின் கண்காணிப்பில் ஆடினாள். பெற்றோரின் தயக்கத்தை இது வெகுவாகக் குறைத்தது. பத்தாண்டுகளில் அச்சிறுமியர் வளர்ந்து பட்டம் வென்றனர்.

இந்தியாவிலும் ஓட்டம் சிறிது சிறிதாகக் கூடியே வந்துள்ளது. இந்திய மகளிர் லீக் 2016-17 பருவத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் அதன் இறுதிக்கட்டம் ஒரே ஊரில் சில வாரங்களில் முடிந்துவிடும். 2019-இல் மதுரையின் சேது அணி லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்று பட்டம் பெற்றது. 2023-24 பருவத்தில்தான் அணிகள் தத்தம் ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை வந்தது; அணிகள் ஏழே. தமிழ்நாடு மாநில அணி 2018-இல் கட்டக்கில் மணிப்பூரை வீழ்த்தியும், 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வீழ்த்தியும் தேசியப் பட்டத்தை வென்றது.

நிர்வாகக் குறைபாட்டின் விலையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2022 ஆகஸ்ட் 15-ஆம் நாள் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தை உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது. இரு வாரங்களுக்குள் அது விலக்கப்பட்டது. ஆனால் ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கெண்ட் நகருக்குச் சென்றுவிட்ட கேரளத்தின் கோகுலம் அணி ஒரு பந்தயமும் ஆடாமல் திரும்ப நேர்ந்தது. தவறு எவருடையதாயினும் இழப்பு ஆட்டக்காரருடையதாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையும் இந்தியாவில் நடந்தது. அதன் இறுதிப் பந்தயம் மீண்டும் நெரூள் அரங்கிலேயே நிகழ்ந்தது. புவனேஸ்வரத்தில் ஆடிய இந்தியச் சிறுமியர் அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 எனத் தோற்றனர். ஓராண்டுக்குள் இரு பெரும் போட்டிகளை நடத்திய நாட்டின் கணக்கில் ஒரு கோலும் பதிவாகவில்லை.

இடமும் நேரமும்

மும்பைக்கு மீண்டும் வருவோம். சர்வதேச அளவிலான கால்பந்து ஆடுகளம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உடையது. பரப்பு 7,140 சதுர மீட்டர். மும்பையில் நபர் ஒருவருக்குள்ள திறந்தவெளி ஏறக்குறைய ஒரு சதுர மீட்டரே என்பது நகரமைப்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கூறப்படும் அளவாகும். நடுவண் அரசின் நகரமைப்பு வழிகாட்டு நெறிகள் 10 முதல் 12 சதுர மீட்டர் வேண்டும் என்கின்றன. ஆக, ஓர் ஆடுகளம் ஏழாயிரம் மக்களின் பங்கை எடுத்துக்கொள்கிறது. இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே கடந்த பரப்பில் பல லட்சம் மக்கள் வாழும் தாராவியில் இந்தச் சராசரியும் கிடையாது. அருகில் மிட்டி ஆற்றங்கரையில், முன்பு குப்பை கொட்டிய நிலத்தில் உருவான மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா ஒன்றே பெரிய பசுமைப் பரப்பாகும். அதுவும் மரங்களுக்கானது, பந்தாட்டத்துக்கானதன்று.

மாதுங்காவின் நிலை வேறு. பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டு அமைத்த பகுதியாதலால், அங்கும் அண்டையிலுள்ள தாதரிலும் தோட்டங்களும் மைதானங்களும் உள்ளன. மாதுங்காவும் தாராவியும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருப்பவை. இடையில் ரயில் பாதை உள்ளது. பாதைக்கு ஒருபுறம் மைதானம், மறுபுறம் நெரிசல். நகரமைப்பைப் படிக்கும் மாணவர் வரைபடத்தில் இதை ஒரு பார்வையிலேயே காணலாம்.

இடம் இருந்தாலும் அது பெண்ணுக்குக் கிடைப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். மும்பையின் மைதானங்களில் கிரிக்கெட்டே முதலிடம் பெறுகிறது. மாலையில் இளைஞர்கள் வந்துவிடுகின்றனர். சிறுமியர் ஓரமாக நிற்கின்றனர். பொதுச்சொத்து எல்லார்க்கும் பொது என ஏட்டில் எழுதப்பட்டிருந்தாலும், முந்தி வந்தவருக்கும் வலியவருக்கும் அது உரியதாகி விடுவது பொருளியல் அறிந்த உண்மை.

நேரத்தின் விலை மூன்றாவது சிக்கலாகும். குறிப்பிட்ட சில மணி நேரமே குழாயில் நீர் வரும் குடியிருப்பில் அதைப் பிடித்து வைப்பதும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வதும், தாய் வீட்டிலிருந்தே செய்யும் கூலி வேலைக்குக் கை கொடுப்பதும் பெரும்பாலும் பெண் குழந்தையின் பொறுப்பாகின்றன. அவள் மைதானத்தில் கழிக்கும் இரண்டு மணி நேரத்துக்கு வீட்டில் ஒரு வாய்ப்புச் செலவு உண்டு. ஆண் குழந்தைக்கு அச்செலவு மிகக் குறைவாகவே கணக்கிடப்படுகிறது. ஆகவே இலவசப் பயிற்சி என்று அறிவிப்பதனால் மட்டும் சிறுமியர் வந்துவிடமாட்டார்கள். பயிற்சி பள்ளி நேரத்துக்குள் அமைய வேண்டும். அல்லது அதன் முடிவில் குடும்பம் காணத்தக்க பயன் ஒன்று இருக்க வேண்டும்.

அப்பயன் வேலைவாய்ப்பாகும். காவல்துறை, ரயில்வே, துணை ராணுவப் படைகள் ஆகியவை வீராங்கனைகளைப் பணியில் அமர்த்தி அணிகளை நடத்துகின்றன. ரயில்வே மகளிர் அணி தேசியப் பட்டம் வென்றதும் உண்டு. நடுவண் அரசின் சில பணியிடங்களில் நேரடி நியமனத்தில் ஐந்து விழுக்காடு வரை சிறந்த விளையாட்டாளர்களைக் கொண்டு நிரப்ப வழியுள்ளது. தமிழ்நாட்டில் மூன்று விழுக்காடு ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. மத்திய ரயில்வேயின் மாதுங்கா நிலையம் 2017-இல் முற்றிலும் பெண் ஊழியர்களின் பொறுப்பில் விடப்பட்டது. இந்தியப் புறநகர் நிலையங்களில் இதுவே முதலாவது. அந்நிலையத்தை நாள்தோறும் கடக்கும் தாய்மார்களுக்கு ரயில்வே வேலை என்பது கண்ணெதிரே உள்ள பொருள். பந்தாட்டத்தின் வழியாகவும் அவ்வேலையை அடையலாம் என்பதை எடுத்துச் சொல்வதற்குத்தான் ஆளில்லை.

2025-உம் அதன் பின்னும்

2025 ஜூலை 5-ஆம் நாள் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், இருமுறை உலகக் கோப்பையில் ஆடிய தாய்லாந்தை 2-1 என வென்று, 2026-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. இரு கோல்களையும் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தார். தகுதிச் சுற்றில் ஆடி வென்று இவ்வாறு இடம் பெற்றது இந்தியாவுக்கு இதுவே முதன்முறை. அதே வாரத்தில் வங்கதேசமும் மியான்மரை வென்று முதன்முறையாகத் தகுதி பெற்றது. சொந்த மண்ணில் கை நழுவிய வாய்ப்பு மூன்றரை ஆண்டுகளில் அயல் மண்ணில் ஈட்டப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் லீக் பந்தயங்கள் கூடியிருந்தன என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022-இல் முடிவாயிற்று. இத்தகைய பெருந்திட்டங்களில் வீடு, கடை, சாலை, கழிவுநீர் ஆகியவற்றுக்கான பரப்பு முதலில் குறிக்கப்படும். எஞ்சியதே விளையாட்டுக்கு என்பது வழக்கம். வரைபடத்தில் இடம்பெறாத மைதானத்தைப் பின்னர் உருவாக்குவது ஏறத்தாழ இயலாத செயல். முழு ஆடுகளத்துக்கு இடமில்லையெனில், ஐவர் ஆட்டத்துக்கு 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட 800 சதுர மீட்டர் போதும்; ஒரு முழு ஆடுகளத்தின் பரப்பில் இவ்வளவினதாக எட்டுக்கு மேற்பட்ட சிறுகளங்கள் அடங்கும்.

புதிய இடம் வரும்வரை, உள்ள மைதானங்களின் நேரப் பட்டியலைத் திருத்துவது பெருஞ்செலவு கோராத நடவடிக்கை. மாநகராட்சி மைதானம் ஒன்றில் வாரத்துக்கு மூன்று மாலைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மணி நேரம், பெண்களுக்கென ஒதுக்கப்படுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு ஐம்பது வாரங்கள் எனில் 300 மணி நேரம் கிடைக்கும். ஒரே வேளையில் 22 பேர் ஆடினால் 6,600 ஆட்டக்காரர்-மணிகள். மழைக்காலத்தில் கால் பங்கு கழிந்தாலும் ஏறத்தாழ 5,000 எஞ்சும். இதற்குத் தேவைப்படுபவை ஒரு பயிற்சியாளரின் ஊதியம், சில பந்துகள், பூட்டிய கழிப்பறையின் சாவி, வட்ட அலுவலகத்தின் ஓர் ஆணை ஆகியவையே. அந்த ஆணையின் நகல் மைதானத்தின் வாயிலில் மராத்தி, இந்தி, தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒட்டப்பட வேண்டும்.